நான்கு சுவருக்குக் கேட்ட அழுகை

எல்பே ஆற்றங்கரை, பிர்க்கவ் கிராமம்
1224, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

அன்புத் தம்பி வோல்ராட்டுக்கு, அக்கா பெர்ட்ராடா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்தே எழுதிக்கொண்டிருக்காதே. நடுநடுவே எழுந்து நட.

முதலில் பிள்ளைகள் சேதி. மூத்த பேரன் மார்க்வார்ட், எங்கள் ஊர்ப் பிரபுவுக்குப் பின்னால் கேடயம் சுமந்து போகிறான். பதினாறு வயதில் இந்தப் பக்கத்தில் வேறு எவனுக்கும் அது வாய்க்கவில்லை. கன்னியர் மடத்தில் இருக்கும் லியுட்கார்ட் பீடத்துக்கு விரிப்புத் தைத்தாளாம். ஆயர் அதைத் தொட்டுப் பார்த்து "யார் கை இது?" என்று கேட்டாராம். சின்னவன் ஓட்டோ பரமண்டல மந்திரத்தை லத்தீனில் ஒரு மூச்சில் சொல்கிறான். நான் மடத்தில் ஐந்து வருஷம் படித்தும் மூன்று மூச்சு வேண்டியிருந்தது எனக்கு.

பேத்தி கிஸ்லாவை நீ கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். தாயில்லாப் பெண், நான் வளர்த்தது. எக்பர்ட்டுக்குக் கட்டிக் கொடுத்தேனே, ஆற்றோரமாக இரண்டு ஏர் நிலம், ஓக் மர வீடு, சொந்தக் கிணறு. இப்போது முழுகாமல் இருக்கிறாள். வசந்தத்தில் பிறக்கும்.

பக்கத்து வீட்டு ஓடிலியாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் ராசா வீட்டுத் தொட்டில்லயா பொறந்துச்சு?" என்றாள். "தொட்டில் நம்ம ஊர் தச்சன் செஞ்சதுதான்டி. புள்ளைங்கதான் வேற" என்றேன்.

உப்பு வண்டிக்காரனிடம் வாத்துக் கொழுப்பு ஒரு சட்டி கொடுத்திருக்கிறேன். முதுகில் தேய்த்துக்கொள்.

உன் அக்கா பெர்ட்ராடா


ஹார்ட்ஸ் மலையடிவாரம், லூடெகர் பிரபுவின் வீடு
1224, கிறிஸ்து பிறப்புக்குப் பத்து நாள் முன்பு

அன்புள்ள அக்காவுக்கு, வோல்ராட் வணக்கம். வாத்துக் கொழுப்பு வந்தது. பாதியை வண்டிக்காரன் ரொட்டியில் தடவித் தின்றிருக்கிறான். மீதி என் முதுகுக்குப் போதும். பிள்ளைகள் சேதி கேட்டுச் சந்தோஷம்.

பூசை வைப்பது, கணக்கு எழுதுவது என்றிருந்த என் வேலை இங்கே மாறிவிட்டது. எங்கள் பிரபு நாட்டு வழக்கத்தையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதுகிறார். லத்தீனில் இல்லை, நம் பேச்சில். யார் சொத்து யாருக்கு, விதவைக்கு எது, கரையை யார் கட்டுவது, எல்லாம். இதுவரை பெரியவர்கள் நெஞ்சில் இருந்ததுதானே, அவர்கள் செத்தால் கூடவே போய்விடுகிறது என்கிறார். அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.

நாலு திசையிலிருந்தும் கிழவர்களை வரவழைத்துக் கேட்கிறோம். ஒருவர் சொன்னது அடுத்தவர் சொன்னதோடு ஒட்டாது. நேற்று வந்தவர் எல்லைக்கல் எங்கே நட்டது என்று கேட்டதற்கு, "அத நட்டப்போ ஞாபகம் இருக்கணும்னு எங்கப்பா என் கன்னத்துல ஒண்ணு வெச்சார் சாமி. அந்த அடி நல்லா ஞாபகம் இருக்கு. கல்லுதான் எங்கேன்னு தெரியல" என்றார்.

ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். தகப்பன் இறந்தபின் பிறக்கிற குழந்தை, உடனே அதுவும் போய்விடுகிறது என்று வை. அது உயிரோடு பிறந்ததா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது? கிழவர்களைக் கேட்டால் "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று சிரிக்கிறார்கள். உன்னைத்தான் நினைத்தேன். நம் பக்கத்து வழக்கம் என்னவென்று விவரமாக எழுது. பிரபுவிடம் அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.

தம்பி வோல்ராட்


பிர்க்கவ்
1225, மூவரசர் திருநாள்

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ஒரு தடவை ஓடிலியாவுக்குக் கேட்கிற மாதிரி. பிரபு என் பேச்சைக் கேட்கக் காத்திருக்கிறார் என்றால் சும்மாவா? இங்கே எனக்கு மூட்டு மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. மற்றபடி சுகம்.

நீ கேட்டது எனக்குக் கைப்பாடம். எழுதிக்கொள்.

அழுகைதான் சாட்சி. குழந்தையின் அழுகை நாலு சுவரிலும் பட்டுத் திரும்ப வேண்டும். அதைக் கேட்க நாலு ஆண்கள் வேண்டும், ஒரு சுவருக்கு ஒருவர். பிரசவம் பார்த்த பெண்கள் இருவர் அவர்களோடு சேர்ந்து சத்தியம் செய்ய வேண்டும். என் ஹென்ரிக் பிறந்தபோது என் மாமனார் அப்படித்தான் செய்தார். ஊரில் தலைக்கட்டான நாலு பேரை அழைத்து, வீட்டின் நாலு பக்கமும் நிறுத்தி, ஆளுக்கொரு குவளை பீர் கொடுத்தார். பிள்ளை போட்ட சத்தத்தில் வடக்குப் பக்கம் நின்றவர் குவளையைக் கீழே போட்டுவிட்டார். "இது அழுக இல்ல, உத்தரவு" என்றாராம்.

இப்படி எழுது. நான் சொன்னேன் என்றும் சொல்.

எக்பர்ட்டுக்குப் பத்து நாளாக இருமல். கிஸ்லா தேனும் வெங்காயமும் கொடுக்கிறாள். குளிர் விட்டால் சரியாகும்.

பெர்ட்ராடா


லூடெகர் பிரபுவின் வீடு
1225, மெழுகுதிரித் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ எழுதியதைப் பிரபுவிடம் வாசித்தேன். மேசையைத் தட்டினார். "இத்தன கிழவனுங்க வந்தானுங்க, ஒருத்தனாவது இப்படிப் பளிச்சுனு சொன்னானா? உன் அக்கா வாயிலேர்ந்து வந்தத ஒரு வார்த்த மாத்தாத" என்றார். மாற்றவில்லை.

ஈஸ்டருக்குள் மூன்று படி எடுத்து, வழக்குத் தீர்க்கும் மூன்று மன்றங்களுக்கு அனுப்புகிறோம். ஒன்று உங்கள் மன்றத்துக்கு. எக்பர்ட்டை வெளியே விடாதீர்கள்.

தம்பி வோல்ராட்


பிர்க்கவ்
1225, தவக்காலம் இரண்டாம் ஞாயிறு

தம்பிக்கு, அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எக்பர்ட் போய்விட்டான். சாம்பல் புதனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. இருபத்து நாலு வயது. கடைசியில் மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிட்டது அவனுக்கு.

முப்பதாம் நாள் வரை அவன் சொத்தில் எதையும் தொட மாட்டார்கள், அது உனக்குத் தெரியும். கிஸ்லா வயிற்றில் பிள்ளை இருப்பதால் அது பிறக்கும்வரை அவளை அந்த வீட்டிலிருந்து அனுப்ப முடியாது. பிள்ளை உயிரோடு பிறந்தால் நிலமும் வீடும் பிள்ளைக்கு. ஒரு மணி நேரம் இருந்து போனாலும் பிள்ளை வழியாகத் தாய்க்கு. செத்துப் பிறந்தால் எக்பர்ட்டின் அண்ணன் டீட்மாருக்கு. கிஸ்லா தன் மெத்தை, துணிமணி, வாத்துகளோடு வெளியே வர வேண்டியதுதான்.

டீட்மார் கெட்டவன் இல்லை. அடக்கத்துக்கு வந்தவன் கிஸ்லாவிடம், "நல்லபடியா பெத்தெடு தாயி. என் தம்பி மொகம் திரும்ப வரட்டும்" என்றான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள், ஒரு ஏர் நிலம். கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

பனி உருகி ஆறு ஏறுகிறது. ஜெபம் செய்.

பெர்ட்ராடா


பிர்க்கவ்
1225, ஈஸ்டர் முடிந்து நான்காம் வாரம்

தம்பிக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

கிஸ்லாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மூன்று வாரம் முந்திக்கொண்டது. காலையில் பிறந்து, நடுப்பகல் மணி அடிக்கும்போது போய்விட்டது.

அன்றைக்குத்தான் கரை உடைப்பெடுத்தது. ஆண் என்று பிறந்தவர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு கரைக்குப் போய்விட்டார்கள், போகாதவன் நிலத்தைப் பறித்துவிடுவது வழக்கமாயிற்றே. டீட்மாரும் அங்கேதான் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். ஊரில் நாங்கள் மட்டும். மருத்துவச்சி மெக்தில்ட், ஓடிலியா, நான்.

பிள்ளை அழுதது. ஆட்டுக்குட்டி மாதிரி, மெல்லிசாக. மூன்று தடவை. கிஸ்லா கேட்டாள், நான் கேட்டேன், அடுப்படியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த ஓடிலியா அங்கிருந்தே "வந்துட்டானா?" என்று குரல் கொடுத்தாள். மெக்தில்ட் அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்து எக்பர்ட் என்று பேர் வைத்தாள். சாமியார் வந்து, "அழுதுச்சா?" என்று எங்களைக் கேட்டார். "அழுதுச்சு சாமி" என்றோம். வேறு எதுவும் கேட்காமல் கோயில் மண்ணில், அப்பன் பக்கத்தில் புதைக்கச் சொன்னார்.

புனித மிக்கேல் திருநாளுக்கு முன்பு மன்றம் கூடும். நம் மன்றத்துக்கு அந்தப் படி வந்துவிட்டதா, இன்னும் உன் கையில்தான் இருக்கிறதா?

உடனே எழுது.

பெர்ட்ராடா


பிர்க்கவ்
1225, புனித அருளப்பர் திருநாள்

தம்பிக்கு.

ஏழு வாரம் ஆயிற்று. உப்பு வண்டி இரண்டு தடவை வந்து போய்விட்டது. "உங்க தம்பி சாமியார் நல்லாத்தான் இருக்கார். எழுதிக்கிட்டே இருந்தார், குடுக்க ஒண்ணுமில்லன்னுட்டார்" என்கிறான் வண்டிக்காரன்.

நான் உனக்கு ஒன்று எழுத வேண்டும். முந்தின கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பேனா வரவில்லை.

நாலு ஆண்கள் என்று நான் சொன்னேனே, அது என் மாமனார் வீட்டு ஜம்பம். பேரப்பிள்ளை பிறந்ததை ஊர் பார்க்கட்டும் என்று செய்தது. வேறு எந்த வீட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மருத்துவச்சியும் ஒரு பெண்ணும் மன்றத்து மரத்தடிக்குப் போய் "அழுதது" என்பார்கள், அதோடு முடிந்தது. நீ ஊர் வழக்கம் கேட்டாய். நான் என் வீட்டுப் பெருமையை எழுதினேன். பிரபு கேட்கப்போகிறார் என்றதும் மருத்துவச்சி பேச்சை எழுத எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

தோலில் எழுதியதைக் கத்தியால் சுரண்டலாம் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். ஒரு வரி. சுரண்டிவிட்டு, பெண்கள் போதும் என்று எழுது. கிஸ்லாவுக்கு இது எதுவும் தெரியாது.

பெர்ட்ராடா


லூடெகர் பிரபுவின் வீடு
1225, புனித யாக்கோபு திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நான் நலம். முதுகுவலி பரவாயில்லை. இங்கே கோடை நன்றாகக் காய்கிறது, வைக்கோல் சீக்கிரம் உள்ளே வந்துவிட்டது. பிரபு தினமும் எழுதச் சொல்கிறார், இப்போது தேனீக்கள் பற்றி எழுதுகிறோம்.

கிஸ்லாவுக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைக்காகப் பூசை வைத்தேன்.

மன்றத்தில் ஆண்டவர் துணை இருப்பார்.

தம்பி வோல்ராட்


பிர்க்கவ்
1225, புனித மிக்கேல் திருநாளுக்கு இரண்டு நாள் கழித்து

தம்பிக்கு.

மன்றம் முடிந்தது. அங்கே பெண் தானாக வழக்குப் பேசக் கூடாதே, ஊரில் வாய்ச்சாலகனான ஹெர்போர்ட்டை எங்களுக்காகப் பேச வைத்தோம். நன்றாகத்தான் பேசினான். டீட்மார், "புள்ள அழுததோ அழலையோ எனக்குத் தெரியாது. நான் கரையில இருந்தேன். சட்டம் என்ன சொல்லுதோ அது போதும்" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

பெஞ்சில் இருந்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முன்பெல்லாம் பெண்கள் வந்து சொன்னால் விட்டுவிடுவோம் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்தவர், "இப்பதான் பொஸ்தகம் வந்துருச்சே. வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

கோயில் எழுத்தர் எடுத்து வாசித்தார். அழுகை நாலு சுவரிலும் பட்டுத் திரும்ப வேண்டும். ஒரு சுவருக்கு ஒருவராக நாலு ஆண்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறாய். ஓடிலியா என் முழங்கையை இடித்து, "எவ்வளவு அழகா எழுதியிருக்கு பாருங்கக்கா, நம்ம பேசற மாதிரியே" என்று கிசுகிசுத்தாள்.

"அந்த நாலு ஆம்பளைங்க யாரு? கூப்பிடுங்க" என்றார்கள்.

மெக்தில்ட் கூட்டத்திலிருந்து கத்தினாள்: "காது என்ன ஆம்பளைக்கு மட்டுமா மொளைச்சிருக்கு? முந்நூறு புள்ள எடுத்தவ நான். அழுகைக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?" சிலர் சிரித்தார்கள். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த வரி என் வீட்டு ஜம்பம் என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை என்று தீர்ப்பு. கோயிலுக்கு எங்கள் வாய்ச்சொல் போதுமாக இருந்தது. அவன் பேரைச் சொல்லி மண்ணில் வைத்தார்கள். மன்றத்துக்கு அவன் பிறக்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் கிஸ்லா ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆத்தா, நான் காதால கேட்டது பொய்யா?"

நேற்று மெத்தைகளை வண்டியில் ஏற்றி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு வாத்துகள். டீட்மாரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிவைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெர்ட்ராடா


லூடெகர் பிரபுவின் வீடு
1225, மரித்தோர் நினைவுநாள்

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நீ கத்தி என்று எழுதியது கையில் கிடைத்த அன்றே கத்தியை எடுத்தேன். உங்கள் மன்றத்துப் படி ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டது. மூலம் மட்டும் இங்கே. பிரபுவிடம் போய், "அக்கா தவறாகச் சொல்லிவிட்டாள், திருத்த வேண்டும்" என்றேன். "தப்புன்னு எப்போ சொன்னா? அவ வீட்டுல வழக்கு வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டார். "அப்புறம்தான்" என்றேன். "ஒரு வீட்டுக்காகச் சொரண்டினா, நாளைக்கு வாசல்ல நூறு வீடு நிக்கும். கத்திய வெச்சுட்டுப் போய் எழுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வைக்கோல் பற்றி உனக்கு எழுதியது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. குற்றம் முழுவதும் உன்னுடையது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நம் தங்கை பிறந்து அன்றே செத்தாளே, எனக்கு ஆறு வயது, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வயலில். வீட்டில் ஒரு ஆண் கிடையாது. மருத்துவச்சி முக்காடு போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததை நான் பார்த்தேன். உன் வரிகளை எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது, அக்கா. தெளிவாக வந்தது. ஆனால் பிரபு மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டிருந்தார். என் குடும்பத்தின் சொல் புத்தகத்தில் ஏறுகிறது. நான் கையை நிறுத்தவில்லை.

இப்போது ஓவியன் ஒருவன் வந்திருக்கிறான். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஓரத்தில் படம் போடுகிறான். அந்த வரிக்குப் பக்கத்திலும் போட்டுவிட்டான். நாலு ஆண்கள், நாலு சுவர், காதில் கை வைத்துக்கொண்டு. நடுவில் தொட்டில். பெண்களைப் போட இடம் போதவில்லை என்றான். தொட்டிலுக்குள் குழந்தை இருக்கிறது, துணிக்குள் ஒரு சின்ன வட்டம். முகம் எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

வோல்ராட்


பிர்க்கவ்
1225, திருவருகைக்காலம் முதல் ஞாயிறு

தம்பி வோல்ராட்டுக்கு, அக்கா எழுதுவது.

நான் இருக்கிறேன். மூட்டுவலியும் இருக்கிறது. நீ முதுகைப் பற்றி எழுதவில்லை.

நம் தங்கையைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். ஒன்பது நாள் அதை எடுக்கவில்லை. உன்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது மட்டும் தெரிந்தது.

கிஸ்லாவிடம் சொல்லிவிட்டேன். அந்த வரி யார் சொன்னது என்று. முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. நறுக்கியதை உப்புப் போட்டுப் பிசைந்துவிட்டு, "உப்பு போதுமா பாரு ஆத்தா" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசுகிறாள், ஆனால் கேட்டதற்கு மட்டும்.

அவள் பிள்ளையின் முகத்தை மறந்துகொண்டு வருகிறாளாம். அதை என்னிடம் சொல்லவில்லை, ஓடிலியாவிடம் சொல்லியிருக்கிறாள். அரை நாள் பார்த்த முகம். "நெத்தி மட்டும் ஞாபகம் இருக்குக்கா. மத்ததெல்லாம் எக்பர்ட் மொகமா மாறிப்போவுது" என்றாளாம்.

புத்தகத்தைப் பற்றி இனி உன்னை எதுவும் கேட்க மாட்டேன். அது இருக்கிறபடி இருக்கட்டும். அந்த ஓவியனிடம் மட்டும் ஒன்று கேள். கழித்துப்போட்ட தோல் துண்டு ஏதாவது இருக்கும், உள்ளங்கை அளவு போதும். அதில் புதிதாக ஒரு படம் வரையச் சொல். ஆண்கள் வேண்டாம், சுவரும் வேண்டாம். நாங்களும் வேண்டாம். பிள்ளை மட்டும். நெற்றி அகலம், முடி கறுப்பு, கொஞ்சம் ஈரமாக, இடது காது மடிந்திருக்கும். கண் மூடியிருக்கலாம். வாய் மட்டும் திறந்திருக்க வேண்டும், நன்றாக. அழுகிறான் என்று பார்த்தவுடனே யாருக்கும் தெரிய வேண்டும்.

ஆற்றில் பனிக்கட்டி கட்டுவதற்கு முன்பு வண்டி ஒரு தடவை வரும். அதில் அனுப்பு.

அக்கா பெர்ட்ராடா